மேடை எனக்கு, மொட்டை அவருக்கு

போன வருஷம் சித்திரை மாசம். எங்க நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்து, நிச்சயத்துக்குத் துணி எடுக்க நானும் எங்க வீட்டுக்காரரும் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தோம். எங்களுக்குச் சங்கராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கரும்பு, மரவள்ளி போட்டிருக்கோம். ரெண்டு கறவை மாடு. பையன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு. வீட்டில் நாங்க ரெண்டு பேர்தான்.

வெயில் தாங்காம பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்பங்கூழ் குடிச்சுக்கிட்டு நின்னோம். எதிர்ச் சுவத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'பொதுமக்களுக்கான தத்துவக் கட்டுரைப் போட்டி'ன்னு கொட்டை எழுத்து. கீழே தலைப்பு: 'வேண்டுதல் என்பது கடவுளோடு பேசும் பேரமா?' வயசு, படிப்பு எதுவும் தடையில்லை, யார் வேணாலும் எழுதலாம். நல்லா இருக்கிற சில கட்டுரைகளை எடுத்து, எழுதினவங்களையே கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் நடக்கிற கூட்டத்தில் மேடையேறிப் படிக்கச் சொல்லுவாங்களாம். கேட்கிறவங்க கேள்வி கேட்பாங்க, பதில் சொல்லணும். கள்ளக்குறிச்சியில் இருக்கிற ஒரு வாசகர் வட்டத்துக்காரங்க நடத்துறது.

எங்க வீட்டுக்காரர் அதைச் சத்தமா படிச்சுட்டுச் சிரிச்சார்.

"தத்துவமாம். இத்த யாரு எழுதப் போறா?"

"நான் எழுதறேன்."

"ஏம்மே, தத்துவம்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

"நீங்க தெரிஞ்சிக்கினுதான் தினம் டீக்கடையில பேசறீங்களா?"

கூழ் விக்கிற அம்மா கேட்டுட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "நீ எழுதும்மா. ஆம்பளைங்க பேசிக்கினே இருப்பாங்க"ன்னு என் தட்டில் மட்டும் மோர்மிளகாய் ஜாஸ்தியா வெச்சாங்க. அந்த மோர்மிளகாய்க்காகவாவது எழுதியே ஆகணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

நான் ஒன்பதாவது வரைக்கும் படிச்சவள். வெள்ளிக்கிழமை விளக்கு, கிருத்திகைக்கு விரதம், எங்க ஊர்க் குன்று மேல இருக்கிற முருகன், இதுதான் என் உலகம். வாழ்க்கையில் நான் விடாம, ஒழுங்கா செஞ்சுக்கிட்டு வர்ற காரியம் ஒன்னு உண்டுன்னா அது வேண்டுதல்தான். அதைப் போய்ப் பேரமான்னு கேட்டுட்டாங்களேன்னு எனக்குச் சுருக்குன்னு இருந்தது. துணிக்கடையில் புடவையைப் பார்க்கிறேன், மனசு சுவத்து நோட்டீஸிலயே நிக்குது. நாத்தனாருக்கு அரக்கு எடுக்கப் போய்ப் பச்சையை எடுத்துட்டு வந்துட்டேன்.

மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து எழுத உட்காருவேன். "முருகன் கருணைக் கடல்"னு முதல் வரி எழுதுவேன். அடுத்த வரி வராது. கருணைக் கடல்னு எல்லாருக்கும்தான் தெரியும், அதுக்கு எதுக்குப் போட்டின்னு தோணும். பேரம்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சாத்தானே வேண்டுதல் பேரமா இல்லையான்னு சொல்ல முடியும்? சோறு போடறப்போ இவரைக் கேட்டேன்.

மாடு வாங்கறது விக்கறதுன்னா எங்க ஊரில் எல்லாரும் இவரைத்தான் சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. மாட்டுச் சந்தையில் வாயால விலை பேசமாட்டாங்க. ரெண்டு பேர் கைக்கு மேலயும் ஒரு துண்டைப் போட்டுக்குவாங்க. துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு அழுத்தினா, எந்த விரல், எத்தனை விரல்னு வெச்சு அது ஒரு விலை. சுத்தி நிக்கிற யாருக்கும் தெரியாது. பிடிக்கலன்னா கையை உதறிட்டு அடுத்த மாட்டுக்குப் போயிடுவாங்க.

இவர் சோத்துக் கையோட ஆர்வமா சொல்லிக்கிட்டே போறார், எனக்கு அங்கதான் பொறி தட்டுச்சு. வேண்டுதலும் துண்டுக்குள்ள பேசறதுதான். நான் என்ன கேட்டேன், என்ன தர்றேன்னேன்னு எனக்கும் சாமிக்கும்தான் தெரியும். ஆனா சந்தையில் விலை படியலன்னா கையை உதறிட்டுப் போறோம். சாமி கேட்டதைக் கொடுக்கலன்னா நாம கையை உதறிட்டா போறோம்? அடுத்த வெள்ளிக்கிழமை அதே சன்னதியில் அதே மாதிரி கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறோமே. படியாதபோதும் விடாத கைக்குப் பேரம்னு பேர் சொல்ல முடியுமா?

இதைத்தான் எழுதினேன். முடிச்சதும் இவரிடம் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தார்.

"துண்டு என்னுதுதான?"

"உங்களுதுதான்."

"அப்ப செரி, நல்லாத்தான் கீது"ன்னு எழுந்து போயிட்டார்.

சங்கராபுரம் போஸ்ட் ஆபீசில் கட்டுரையைச் சேர்த்துட்டு நேரா குன்றுக்குப் போனேன். அன்னைக்குக் கூட்டமில்லை. கற்பூரம் எரியறப்போ கண்ணை மூடினேன். பழக்கதோஷம், வாய் தானா வேண்டிக்கிச்சு: "முருகா, என்னை அந்த மேடையில ஏத்தி வுட்டுட்டீன்னா, வர்ற ஆடிக் கிருத்திகைக்கு முடி காணிக்கை குடுத்துடறேன்."

யார் முடி? அங்கதான் விஷயம். பையனுக்குக் காய்ச்சல் வந்தா பையனுக்கு மொட்டைன்னு வேண்டிக்குவேன். பொண்ணு பரீட்சைக்குப் பொண்ணையே பால்குடம் தூக்க வைப்பேன். இப்போ ரெண்டு பேரும் வெளியூரில். வீட்டில் மிச்சம் இருந்த தலை அவரோடதுதான். அதனால, "எங்க வூட்டுக்காரர் முடி"ன்னு தெளிவா சொல்லியும் வெச்சுட்டேன்.

படியிறங்கி வந்து செருப்பை மாட்டறப்போதான் உறைச்சது. வேண்டுதல் பேரமே இல்லைன்னு நாலு பக்கத்துக்கு எழுதித் தபாலில் சேர்த்துட்டு, அந்தக் கட்டுரைக்காகவே ஒரு பேரத்தைப் பேசிட்டு வந்திருக்கேன். நடு வழியில் தனியா நின்னு சிரிச்சேன். சரி, நம்ம கட்டுரையை யார் மேடை ஏத்தப் போறாங்கன்னு தைரியமா வீட்டுக்கு வந்துட்டேன்.

எங்க வீட்டுக்காரர் முடியைப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லியாகணும். அவர் கூடப் படிச்சவங்க எல்லாருக்கும் வழுக்கை விழுந்தாச்சு. இவருக்கு மட்டும் சுருள் சுருளா, கையை விட்டா கை மாட்டிக்கிற மாதிரி இருக்கும். மை கிடையாது, டை கிடையாது. கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சின எண்ணெய்தான். சட்டைப் பையில் எப்பவும் ஒரு சீப்பு. வயலுக்குப் போனாலும் சீப்பு போகும். மீசை வேற. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மீசையில்லாத அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. மீசையை நான் வேண்டிக்கலை. அதுக்கு எனக்கே தைரியம் வரலை.

ஆனி மாசம் ஒரு காலையில் பால் கறந்துக்கிட்டு இருக்கிறப்போ போன் வந்தது. இவர்தான் எடுத்தார். "ஆமாங்க... எங்க வூட்டம்மாதாங்க... நெசமாவா?"ன்னு கத்திக்கிட்டே ஓடி வந்தார். "ஏம்மே, உன்னுத எடுத்துட்டாங்க! வெள்ளிமலைக்கு வரச் சொல்றாங்க, மேடையில படிக்கணுமாம்!"

எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மாடு வாலால அடிச்சதுகூடத் தெரியலை. அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியே என் கண்ணு மெதுவா மேல போச்சு.

"இன்னாத்துக்கு என் தலையவே பாக்கிற?"

சொன்னேன். மறைச்சு என்ன ஆகப்போகுது? அவர் கை தானா தலைக்குப் போச்சு.

"மேடை ஏறது நீ, மொட்டை எனக்கா?"

"சாமிகிட்ட வாய் தவறி..."

"வாய் உன்னுது, மசுரு என்னுது! ஆவணியில என் தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மாலை போட்டுக்கினு முன்னால நிக்கணும். தலையில்லாம போய் நிக்கவா?"

"தலை இருக்குங்க. முடிதான் இருக்காது."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ரெண்டு நாளைக்கு என்னோட பேசலை. மூணாவது நாள் வந்து, கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்னார். ஆடிக் கிருத்திகைன்னு சொல்லித்தானே வேண்டியிருக்கேன், சாமியிடம் தவணை கேட்கிறீங்களான்னேன். மறுபடியும் பேச்சு நின்னது. விஷயம் நாத்தனார் வீட்டுக்கும் போயிடுச்சு. போன் போட்டாங்க.

"அண்ணி, எங்க அண்ணனை மொட்டை அடிக்கப் போறீங்களாமே? பத்திரிகையில 'தாய்மாமன்'னு போட்டோ போட்டுக்கீறோம். யாருன்னு தெரியாம மாப்பிள்ளை வூட்டார் உள்ள வுட மாட்டாங்க, சொல்லிட்டேன்."

சிரிக்கிற மாதிரி பேசினாலும் எனக்குள்ள பயம்தான். வேண்டினதைக் கொடுக்காம விட்டா சாமி குத்தம். கொடுக்க வெச்சா, ஒரு நல்ல காரியத்தில் முன்னால நிக்க வேண்டிய மனுஷனை நானே கூனிக்குறுக வைக்கிறேன். மேடை கிடைச்ச சந்தோஷத்தை முழுசா விழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை.

கூட்டத்துக்கு அவர் வரமாட்டார்னு நினைச்சேன். அன்னைக்குக் காலையில் பார்த்தா எனக்கு முன்னால குளிச்சு, தலையை வாரி, தோளில் துண்டோட நிக்கிறார். "உன்னைக் கேள்வி கேட்டு மடக்கறதை நான் பாக்க வேணாமா?"ன்னார். விபூதி மடிச்ச காகிதத்தை முந்தானையில் முடிஞ்சுக்கிட்டுக் கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் மலை பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பத் திரும்பக் காத்து மாறிடுச்சு. கீழே அடிச்ச வெயில் எங்க போச்சுன்னே தெரியலை. ரோட்டோரம் பலா மரத்தில் அடியிலிருந்து நுனி வரைக்கும் காய். பஸ்ஸுக்குள்ளயே பழ வாசனை. இவர் கோபத்தை மறந்துட்டு, "அந்த மரத்தைப் பாரு, இந்த மரத்தைப் பாரு"ன்னார். அப்புறம் ஞாபகம் வந்து, முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சீப்பை எடுத்துத் தலையை வாரினார்.

ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் கூட்டம். கீழே இருந்து வந்தவங்க பாதி, மலைக்காரங்க பாதி. எனக்கு முன்னால கள்ளக்குறிச்சி வக்கீல் ஒருத்தர் படிச்சார். "நீ இதைச் செய்தால் நான் அதைச் செய்கிறேன் என்று நிபந்தனை வந்துவிட்டால், அது யாரோடு பேசினாலும் ஒப்பந்தம்தான்"னு நிறுத்தி நிதானமா சொன்னார். கேட்கக் கேட்க அவர் சொல்றதும் சரின்னுதான் எனக்கே பட்டது. அடுத்து என்னைக் கூப்பிட்டாங்க.

முதல் வரி படிக்கிற வரைக்கும்தான் பயம். மாட்டுச் சந்தை வந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு. மலைக்காரங்க எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தாங்க, அவங்களும் சந்தைக்கு மாடு ஓட்டிக்கிட்டு வர்றவங்கதானே. 'படியாதபோதும் விடாத கை'ன்னு நான் முடிச்சப்போ எழுந்த கைதட்டலை இப்பவும் என்னால நம்ப முடியலை. மூணாவது வரிசையில் இவரும் தட்டினார். சின்னதாத்தான். ஆனா தட்டினார்.

அப்புறம் கேள்வி நேரம். பின்னாலிருந்து மலைக்காரப் பொண்ணு ஒன்னு எழுந்தது. தோளில் ஒரு குழந்தை தூங்குது. குழந்தைக்குப் புது மொட்டை, சந்தனம்கூடக் காயலை.

"அம்மா, ஒரு சந்தேகம். துண்டுக்குள்ள கைய வுடறவங்க அவங்கவங்க மாட்டத்தான விப்பாங்க? அடுத்தவங்க மாட்ட வித்தா சந்தையில வுடுவாங்களா?"

எனக்குப் புரியலை. "இன்னா கண்ணு கேக்கிற?"ன்னேன்.

"இவனப் பாருங்க, மூணாவது மொட்டை. எங்க மாமியாருக்குக் கால்வலின்னா இவனுக்கு மொட்டை, மாடு காணாமப் போனா இவனுக்கு மொட்டை. மாடு தானா வூட்டுக்கு வந்துடுச்சி. மொட்டை மட்டும் நிக்கல!"

ஹாலே அதிர்ந்தது. அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டது. எனக்கு மட்டும் காதில் எதுவும் விழலை. பையனோட மொட்டை, பொண்ணோட பால்குடம், எல்லாம் வரிசையா கண்ணு முன்னால வந்து நின்னது. ஆயுசு முழுக்க முருகனிடம் கையை நீட்டியிருக்கேன். ஒரு தடவைகூட என்னுதுன்னு ஒன்னை வெச்சு நீட்டினதில்லை. மூணாவது வரிசையைப் பார்த்தேன். அவர் மெதுவா கையைத் தூக்கித் தலையைத் தடவிக்கிட்டார்.

சமாளிச்சு ஏதாவது சொல்லியிருக்கலாம். சாமி பேர் சொல்லி எழுதின கட்டுரையைக் கையில் வெச்சுக்கிட்டுச் சமாளிக்க வாய் வரலை.

"நீ சொல்றது செரி கண்ணு. இந்த மேடைக்காக நானே அடுத்தவங்க மாட்டைத்தான் வித்துட்டு வந்துக்கீறேன். அந்த மாடு அதோ, மூணாவது வரிசையில உக்காந்துக்கினு இருக்கு."

மொத்தக் கூட்டமும் திரும்பி அவரைப் பார்த்தது. நடந்ததைச் சொன்னேன். முடி, ஆடிக் கிருத்திகை, தாய்மாமன், எல்லாத்தையும். சிரிச்சுச் சிரிச்சு நடுவரா உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். சிரிப்பு அடங்கினதும் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அவரைப் பார்த்துச் சொன்னேன்:

"ஏங்க, உங்க முடி உங்களுதுங்க. நான் கேக்காம வேண்டிக்கினது தப்பு. நீங்க மாமனா ஜம்முன்னு நில்லுங்க. முருகனுக்கு என் முடியைக் குடுத்துடறேன்."

கூட்டம் மறுபடியும் அவர் பக்கம் திரும்பிச்சு. யாரோ அவர் கையிலும் ஒரு மைக்கைக் கொடுத்துட்டாங்க. எழுந்தார். பழக்கத்தில் ஒரு தடவை தலையைக் கோதிக்கிட்டார்.

"மாடு பேசலாமுங்களா?"ன்னார். மறுபடியும் சிரிப்பு. "எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஒன்னே ஒன்னு. அவ படிச்சதுல வருதே, அந்தத் துண்டு என்னுதுங்க." உட்கார்ந்துட்டார்.

வக்கீலுக்குத்தான் முதல் பரிசு. நியாயமான பரிசு. எனக்கு ஆறுதல் பரிசா ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தாங்க. வெளியே வந்தப்போ அந்தப் பொண்ணு ஓடி வந்து ஒரு முழு பலாப்பழத்தைத் தூக்கி இவர் கையில் வெச்சது. "அப்பா, மன்னிச்சுக்குங்க, உங்க முடி விஷயம்னு தெரியாம கேட்டுட்டேன்." இவர், "இல்ல தாயி, நீ கேட்டதாலதான் என் தலை தப்பிச்சுது"ன்னார். குழந்தை முழிச்சுக்கிட்டு இவர் முடியையே பார்த்தது. குனிஞ்சு காட்டினார். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு இழு இழுத்தது.

இறங்கற பஸ்ஸில் இவர் மடியில் பலாப்பழத்தோட ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தார். இத்தனை பேர் முன்னால மாடுன்னு சொல்லிட்டேனேன்னு எனக்கு உறுத்துச்சு. கீழே கோமுகி அணைத் தண்ணி தெரிய ஆரம்பிச்சதும்தான் வாயைத் திறந்தார்.

"நெசமாவே முடி குடுக்கப் போறியா?"

"ஆமாங்க."

"உன் சடையப் பாத்துத்தான் உன்னைக் கட்டிக்கினேன்."

"இத்தினி வருஷத்துல இத்த ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே நீங்க?"

பலாப்பழத்தை மடியில் நகர்த்தி வெச்சுக்கிட்டார். கோபம் இல்லைன்னு தெரிஞ்சது.

மறுநாள் குன்றுக் கோயில் குருக்களிடம் போய், வேண்டினது ஒரு தலை, கொடுக்கிறது ஒரு தலை, ஆகுமான்னு கேட்டேன். "வேண்டிண்டவாளே வந்து குடுத்தா முருகன் வேண்டாம்னா சொல்லப் போறார்?"ன்னார். மனசு லேசாச்சு. ஆடிக் கிருத்திகை வரைக்கும் தினம் தலை வாரறப்போ சடையைக் கொஞ்ச நேரம் கையில் வெச்சுப் பார்ப்பேன். கஷ்டமாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா முதல் தடவையா என்னுதை முருகனுக்குத் தரப்போறேன்னு ஒரு குஷியும் இருந்தது.

ஆடிக் கிருத்திகை அன்னைக்குக் குன்று முழுக்கக் காவடி. மொட்டை அடிக்கிற இடத்தில் வேப்பமரத்தடியில் வரிசை. சீட்டு வாங்கிக்கிட்டு நின்னேன். நாவிதர், "யாருக்கும்மா?"ன்னார். "எனக்குத்தாங்க"ன்னு நான் சடையை அவுக்கறேன், எனக்கு முன்னால மனையில் இவர் சட்டையைக் கழட்டிட்டு உட்கார்ந்திருக்கார்.

"இன்னாங்க இது? நான்தான் வுட்டுட்டேனே. உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே."

"அதுக்குத்தான் உக்காந்துட்டேன். நீ கேட்டுக்கினு இருந்த வரைக்கும் குடுக்கத் தோணல. உங்க முடி உங்களுதுன்னு நீ வுட்டப்புறந்தான், இத்த நம்ம முருகனுக்குக் குடுத்தா இன்னான்னு தோணிச்சி."

"கல்யாணம்?"

"மாமன் வருவான். முடி வராது. போம்மே அந்தாண்ட, நெழல மறைக்கிற." சீப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத்த பத்திரமா வெச்சிரு."

சுருள் சுருளா விழுந்தது. தலை முடிஞ்சதும் நாவிதர் கத்தியைத் துடைச்சுக்கிட்டே, "மீசை இருக்கட்டுமாண்ணே?"ன்னு கேட்டார். இவர் கண்ணை மூடினார். மீசையைத்தான் நான் வேண்டவே இல்லையே.

"அதையும் எடுத்துக்கோப்பா. அத்த யாரும் கேக்கல. அதனால குடுக்கறேன்."

நான் பிடிவாதமா என் முடியையும் கொடுக்கிறேன்னேன். "நீ மொட்டையா வந்தா என் தங்கச்சி என்னைத்தான் திட்டுவா, பூமுடி குடு போதும்"னார். சடை நுனியில் மூணு இடத்தில் கத்தரிச்சு அவர் முடியோடவே போட்டேன். குளிச்சு, தலையில் சந்தனம் பூசி நின்னப்போ அவரைப் பார்க்கப் பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது. என்னால சிரிப்பை அடக்க முடியலை. அவரும் உதட்டுக்கு மேல தடவித் தடவிச் சிரிச்சார்.

தரிசன வரிசையில் நிக்கிறப்போ, தோளில் இருந்த துண்டை எடுத்து என் கை மேலயும் அவர் கை மேலயும் போட்டார். எனக்குப் புரிஞ்சது. சந்தையில் போடற மாதிரியே போடறார். ஏதோ விலை சொல்லப் போறார், எந்த விரலை அழுத்தப் போறாரோன்னு காத்திருந்தேன். எதையும் அழுத்தலை. துண்டுக்குள்ள என் கையை மொத்தமா பிடிச்சுக்கிட்டு நின்னார். சன்னதி வர்ற வரைக்கும் விடலை.

ஆவணியில் கல்யாணத்துக்குப் போனோம். வாசலில் நாத்தனார் ஒரு நிமிஷம் யாரோன்னு பார்த்துட்டு, "அண்ணா!"ன்னு கத்தி, அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, "திருப்பதியா, பழநியா?"ன்னு விசாரிச்சாங்க. மாலையும் மொட்டையுமா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் இல்லீங்க. எங்க வூட்ல தத்துவம் எழுதினாங்க."

இப்போ அவருக்கு முடி பழையபடி வளர்ந்தாச்சு. மீசையும் வந்தாச்சு, சீப்பு பைக்குள்ள போயாச்சு. என் வேண்டுதலும் நின்னுடலை. ஆனா கண்ணை மூடிக் கையைக் கூப்பறப்போ வெள்ளிமலைப் பொண்ணோட தோளில் தூங்கின அந்தச் சின்ன மொட்டைத் தலை நினைவுக்கு வரும். என்னுதுன்னு முருகனுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருக்குன்னு தேடிப் பார்ப்பேன். சில நாள் ஒன்னும் கிடைக்காது. அன்னைக்கெல்லாம் எதுவும் கேட்காம, எதுவும் தர்றேன்னு சொல்லாம, துண்டுக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் நின்ன மாதிரியே, நானும் முருகன் முன்னால சும்மா நின்னுட்டு வர்றேன்.